கட்டும் அச்சும்: கூடு இல்லாத ஒரு கலத்தின் கதை

சென்ற மாதம் ஓரிரவு, பெர்த் நகரில் வசிக்கும் என் சித்தி மகனிடமிருந்து ஒரு குரற்செய்தி வந்தது. அவனிடம் பழைய யமஹா சூப்பர்ஜெட் ஒன்று உண்டு. நின்றுகொண்டே ஓட்டும், ஒருவர் மட்டும் செல்லக்கூடிய நீரூர்தி. ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு ஒன்றின்மேல் ஏற்றி, அடிப்பாகத்தில் முழ நீளத்துக்கு விரிசலை உண்டாக்கிக்கொண்டான். "அக்கா, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. ஹல்லை மட்டும் மாத்தப்போறேன். விக்கிறவன் ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு சொல்றான். நீ கடல், படகுன்னு என்னமோ படிச்சுட்டு இருக்கியே, எதை வாங்கலாம் சொல்லு. அப்புறம், ஹல்லுக்குத் தமிழ்ல என்ன?"

முதல் கேள்விக்கு விடை கூறும் தகுதி எனக்கில்லை என்று எழுதினேன். இரண்டாவது கேள்வி என்னை மூன்று வாரம் உறங்கவிடவில்லை. அந்த மூன்று வாரத்தில், முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் கிடக்கிறது என்று தோன்றியது. அதனால் இந்த நெடும்பதிவு. பொறுமை உள்ளோர் வாசிக்க.

அவன் செய்யவிருப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நின்று ஓட்டும் நீரூர்தி 1970களில் கவாசாகி நிறுவனத்தின் வழியாகப் பொதுச்சந்தைக்கு வந்தது. அதன் கருத்தாக்கம் கிளேட்டன் ஜேகப்சன் என்னும் அமெரிக்கருடையது. 'ஜெட் ஸ்கீ' என்பது கவாசாகியின் வணிகப்பெயர். இன்று எல்லா நிறுவனத்து ஊர்திக்கும் மக்கள் வழங்கும் பொதுப்பெயராகிவிட்டது. யமஹாவின் சூப்பர்ஜெட் 1990இல் வந்தது, 2020 வரை இரண்டு வீச்சு இயந்திரத்துடனேயே விற்கப்பட்டது. ஒரே வகை இயந்திரம் அவ்வளவு காலம் நீடித்ததால் அதன் உதிரிபாகங்களும், அதை அக்கக்காகக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்களும் உலகெங்கும் பெருகினர். ஆகவே இயந்திரத்தையும் நீரைப் பீச்சும் பம்பையும் கைப்பிடித் தண்டையும் கழற்றி, வேறொருவர் வார்த்த உடலில் பொருத்திக்கொள்ளும் வழக்கம் உருவாயிற்று. தாவிச் சுழல விரும்புவோர், முன்னிருந்து பின்வரை அடிப்பாகம் வில்போல் வளைந்த குட்டையான உடலை வாங்குவர். பந்தயத்தில் ஓடுவோர், அடி தட்டையாகவும் விளிம்பு கூராகவும் உள்ள நீண்ட உடலை வாங்குவர். அது நேராக ஓடும், திருப்பத்தில் நீரைக் கவ்வும். இவற்றை இழையும் பிசினும் கொண்டு சிறிய பட்டறைகள் செய்கின்றன.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதன்று. லாரி நிறுவனம் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் மட்டும் தரும். கரூரிலும் நாமக்கல்லிலும் அதன்மேல் 'பாடி கட்டுவார்கள்'. பாடி என்பது ஆங்கிலம். கட்டு என்பது தமிழ். இந்த 'கட்டு' என்ற வினையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

நான் தங்கியிருப்பது கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில். பட்ஜ்பட்ஜ் செல்லும் ரயில் தடத்தைக் கடந்தால் ரவீந்திர சரோவர். 1920களில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோண்டிய ஏரி. டாக்குரியா ஏரி என்று அழைக்கப்பட்டது, 1958இல் ரவீந்திரர் பெயரைப் பெற்றது. காலையில் அங்கே துடுப்புப் படகுக் கழகத்தார் பயிற்சி செய்வர். அவற்றுள் கல்கத்தா ரோயிங் கிளப் 1858இல் தோன்றியது. மரப்பலகையில் தொடங்கி இன்று கரிம இழைக்கு வந்திருக்கும் அந்தப் படகுகளை நால்வர் எளிதாகத் தோளில் ஏற்றிச் செல்வதைப் பார்க்கலாம்.

படகின் வெற்று உடலுக்கு வங்காளியில் என்ன பெயர் என்று வீட்டுக்கார மாஷிமாவைக் கேட்டேன். சற்றும் யோசிக்காமல் 'கோல்' என்றார். நம் கைக்கோல் அன்று. முதலெழுத்தை மூச்சு விட்டு ஒலிக்க வேண்டும். கீர்த்தனத்தில் வாசிக்கும் மண் மத்தளத்துக்கும் அதே பெயர். கொட்டையின் மேலோடு, உள்ளீடற்ற கூடு என்ற பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. ஆங்கிலத்தின் 'ஹல்' என்ற சொல்லும், பயற்றின் நெற்றையும் உமியையும் குறித்த பழைய சொல்லோடு உறவுடையதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. விரிந்த நெற்றும் படகும் ஒத்த வடிவின. இரு வேறு மொழிகள் ஒரே உருவகத்துக்கு வந்திருக்கின்றன: உள்ளே வெறுமை, வெளியே ஓடு.

தமிழுக்கு வருவோம். நாவாய், வங்கம், அம்பி, திமில், தோணி, ஓடம், பரிசில் என்று கலங்களின் பெயர்கள் பழந்தமிழிலேயே குவிந்து கிடக்கின்றன. உறுப்புகளின் பெயர்களும் உண்டு: முன்பகுதி அணியம், அடிமரம் ஏரா, திசைதிருப்புவது சுக்கான். ஆனால் பாய்மரத்தையும் சுக்கானையும் துடுப்பையும் நீக்கினால் எஞ்சும் அந்த வெற்றுடலுக்கு மட்டும் ஊரறிந்த ஒரு சொல் என் நாக்கில் வரவில்லை. கலைச்சொல் அகராதிகள் 'கப்பல் உடற்பகுதி' என்று சுற்றி வளைக்கின்றன. நான் இங்கே 'கூடு' என்று எழுதுகிறேன், ஒரு வசதிக்காக.

இதைச் சொல்வளக் குறை என்று முடிவுகட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சோழமண்டலக் கரையில் நூற்றாண்டுகளாக மிகுதியாய் இயங்கிய கலத்துக்குக் கூடே கிடையாது. கட்டுமரத்துக்கு உள்ளும் இல்லை, புறமும் இல்லை. இலவு, மலைவேம்பு போன்ற இலேசான மரங்களின் துண்டுகள் சில, கயிற்றால் பிணைக்கப்பட்டவை, அவ்வளவே. அது மிதப்பது தண்ணீரை வெளியே நிறுத்தி வைத்திருப்பதால் அன்று. அதன் பொருளே தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால். அலை மேலேறி அடிக்கும், இடுக்குகளின் வழியே இறங்கிப் போகும். இறைக்க வேண்டியதில்லை. மூழ்கடிக்க வழியும் இல்லை.

இலக்கணம் படித்தவர்கள் அச்சொல்லை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம். காலம் கரந்து நிற்கிறது. கரையிலும் அப்படியே நடந்தது. கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் இட்டுக் காயவைப்பர், ஏனெனில் நீரை உறிஞ்சிய மரம் கனக்கும், கனத்த மரம் தாழ்ந்து மிதக்கும். மறுநாள் புறப்படுகையில் மறுபடி கட்டுவர். முடிந்துபோன பொருளின் பெயரன்று அது, தொடர்ந்து நடக்கும் ஒரு செயலின் பெயர். கட்டுமரக்காரர் தம் கலத்தின் ஒவ்வொரு துண்டையும் நாள்தோறும் தனியாகத் தூக்கிப் பார்த்தார். எது கனத்திருக்கிறது, எது உளுத்திருக்கிறது என்று அவர் தோளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் முதலில் முறையாக வரைந்து அளந்து எழுதியவர்களுள் ஜேம்ஸ் ஹார்னெல் முதன்மையானவர். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றி அதன் இயக்குநராக உயர்ந்தவர். இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் குறித்த அவருடைய நீண்ட ஆய்வு 1920இல் வங்காள ஆசியச் சங்கத்தின் நினைவேடுகளில் வெளிவந்தது. தமிழகக் கடற்கரையின் மரங்களைப் பற்றிப் படிக்க நான் பார்க் ஸ்ட்ரீட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்பது வரலாற்றின் சிறு குறும்பு. தென்னிந்தியக் கலங்கள் சிலவற்றுக்கு அவர் காட்ட முயன்ற பொலினேசியத் தொடர்பை இன்று அப்படியே ஏற்பது கடினம். ஆனால் அவருடைய வருணனைகள் பழுதற்றவை. கட்டுமரம் எங்கும் ஒன்றாக இல்லை என்பதை அவை காட்டுகின்றன. சோழமண்டலக் கரையில் அணியத்தில் மேல்நோக்கி வளைந்த துண்டுகளைச் சேர்ப்பர். குமரிக் கரையில் சில மரங்களை மட்டும் வைத்து எளிமையாகக் கட்டுவர். கோலா மீன் பருவத்தில் ஆழ்கடலுக்குச் செல்லும் கோலாமரம், கரையோரத் தூண்டிலுக்குச் செல்லும் மரத்தைவிடப் பெரியது, மரங்களின் எண்ணிக்கையும் மிகுதி. எந்த மீன், எந்தப் பருவம், எந்தக் கரை என்று கேட்டுக் கேட்டு மரத்தைக் கூட்டியும் குறைத்தும் கட்டியிருக்கிறார்கள். பெர்த்தில் இருப்பவன் 'தாவுவதற்கா, பந்தயத்துக்கா' என்று விற்பனையாளரிடம் கேட்டுக்கொண்டிருக்கும் அதே கேள்வி.

ஆனால் நம் கரையில் எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் ஒன்று நின்றது: கரையில் உடையும் அலையைத் தாண்டுமா? சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டன. அவற்றின் சொந்தப் படகுகள் ஆணியடித்த விறைப்பான மரக்கூடுகள். அந்த அலையில் அவற்றைக் கரைசேர்க்கத் துணிந்தவர் அரிது. பயணிகளும் பொதிகளும் மசூலாப் படகில் மாறி ஏறினர். மசூலா கூடுள்ள கலந்தான். ஆனால் விலாச்சட்டம் இல்லை, ஆணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலோரம் வைக்கோலோ நாரோ வைத்து இறுக்கியிருப்பர். அலை தூக்கி மணலில் அறையும்போது அது உடையாமல் நெளிந்து கொடுக்கும். தண்ணீர் கசியும், இறைத்துக்கொண்டே வருவர். மசூலா கவிழ்ந்தால் மீட்பதற்குப் பக்கத்தில் கட்டுமரம் வரும். கடல் கொந்தளித்து மசூலாவும் இறங்கமுடியாத நாளில், ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு கட்டுமரக்காரர் மட்டும் கப்பலுக்குச் செல்வார். ஆங்கிலேயர் எழுதி வைத்த சென்னை நினைவுகளில் இக்காட்சி மறுபடி மறுபடி வருகிறது. கேலியும் வியப்பும் கலந்த தொனியில். விறைப்பான கூடு தோற்ற இடத்தில் நெளியும் கூடு பிழைத்தது. நெளியும் கூடும் தோற்ற இடத்தில் கூடில்லாதது பிழைத்தது.

வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இக்கலத்தைப் பெயருடன் குறிப்பிட்டு, அச்சொல்லை ஆங்கிலத்துக்குள் அழைத்துச் சென்றார். 1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெரஷாஃப் 'அமரிலிஸ்' என்ற இரட்டைக்கூட்டுப் பாய்ப்படகைப் பந்தயத்தில் ஓட்டி வென்றபின், 'கேட்டமரான்' என்பது மெல்ல மெல்ல இரண்டு கூடுள்ள கலத்தின் பெயராக நிலைபெற்றது. சொற்பொருள் மாற்றத்துக்கு வகுப்பில் எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கூடே இல்லாத ஒன்றின் பெயர், இரட்டைக்கூடு என்ற பொருளுக்குப் போயிருக்கிறது.

இனி இயந்திரம். 1953இல் கொல்லத்தருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வேத் திட்டம் கேரளக் கரைக்கு இயந்திரப் படகையும் பின்னர் இழுவைப் படகையும் கொண்டுவந்தது. அந்தக் கதை நன்கு எழுதப்பட்டுவிட்டது, கடந்து செல்கிறேன். நம் பொருளுக்கு வேண்டியது 1980களின் தொடக்கம். படகின் பின்புறம் மாட்டும் சிறு வெளிப்பொருத்து இயந்திரங்கள் குமரிக்கும் தென்கேரளத்துக்கும் வந்துசேர்ந்த காலம். இயந்திரம் கடையில் கிடைத்தது. அதை எதன்மேல் மாட்டுவது? குடைந்து செய்யும் வள்ளத்துக்கு வேண்டிய பெருமரங்கள் அரிதாகி விலையேறிவிட்டன. கட்டுமரத்தில் மாட்டலாம், மாட்டவும் செய்தார்கள். ஆனால் தாழ்ந்து மிதக்கும், நனைந்துகொண்டே இருக்கும் மரத்தின்மேல் இயந்திரமும் எரிபொருளும் வைத்துப் பிழைப்பது பெரும்பாடு.

குமரி மாவட்டத்து முட்டத்தில் இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் பியர் ஜிலே என்னும் பெல்ஜியப் பொறியாளர். கோட்டாறு சமூகசேவைச் சங்கத்தின் ஆதரவில், மீனவர்களோடு சேர்ந்து கடல்நீர் தாங்கும் ஒட்டுப்பலகையில் படகுகள் செய்தார். பலகைகளை வெட்டி, விளிம்பில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழையும் பிசினும் இட்டு மூடும் முறை. தையல் என்பதால் கரையிலுள்ளோருக்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றியிருக்காது என்று எண்ணுகிறேன். நேற்றுவரை கயிற்றால் தைத்தவர்கள் அல்லவா. அவ்வனுபவத்தை அவர் 1985இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். சிறியதாய் இருப்பது கடினம் என்று பொருள்படும் அதன் தலைப்பு, 'சிறியதே அழகு' என்று உலகம் பேசிய காலத்தில் வைக்கப்பட்டது. தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து கொடுப்பவரின் நூல்களில், தோல்விகளை இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் வேறொன்றை நான் படித்ததில்லை. பின்னாளில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இப்படகுகளை ஏராளமாகச் செய்தது.

கிழக்குக் கரையில், 1979இல் சென்னையை இருப்பிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் இதே சிக்கலை எடுத்துக்கொண்டது. துறைமுகமற்ற மணற்கரையில் இயந்திரப் படகை எப்படி இறக்குவது, ஏற்றுவது? அதன் கடல் கட்டடக் கலைஞர்கள் வகைவகையாகக் கரையிறங்கு படகுகளை வரைந்து, செய்து, அலையில் விட்டுப் பார்த்தனர். கூடு கனமாக இருந்தால் கரையேற்ற முடியாது. இலேசாக இருந்தால் மணலில் அறைபட்டு நொறுங்கும். சுழலி நீருக்குள் இருந்தால்தான் தள்ளும். கரை நெருங்கும்போது நீருக்குள் இருந்தால் முறியும். பின்னர் கரையெங்கும் பரவிய விடை எளியது: நீண்ட தண்டின் நுனியில் சுழலி உள்ள டீசல் இயந்திரம். அலையில் தண்டை அப்படியே மேலே தூக்கிக்கொள்ளலாம்.

அப்போதுதான் கண்ணாடியிழை வந்தது. முதலில் கட்டுமரத்தின் சாயலை ஒட்டி, பிறகு பக்கங்கள் உயர்ந்த திறந்த படகாக. மக்கள் அதை 'ஃபைபர்' என்றே அழைத்தனர். சில கரைகளில் 'மாருதி' என்ற பெயரும் வழங்கியது. பொருளின் பெயர் கலத்துக்கு ஆகிவந்தது. மரத்துக்கும் இப்படித்தான்: மீனவர் பேச்சில் 'மரம்' என்றாலே கலம். தண்ணீரில் கிடப்பது எதனால் ஆனதோ அதன் பெயராலேயே அதை அழைக்கும் பழக்கம் தொடர்ந்தது. வினை மட்டும் மாறிற்று. ஃபைபரை எவரும் கட்டுவதில்லை, அச்சில் போடுகிறார்கள்.

செய்முறையை ஒரு பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். படகின் வெளிவடிவத்தைத் தலைகீழாக உள்வாங்கிய பெரிய அச்சு. அதன் உட்புறம் மெழுகு பூசி, நிறமுள்ள மேற்பூச்சை முதலில் அடிப்பர். பிறகு கண்ணாடியிழைப் பாயை விரித்து, கடினமாக்கியைக் கலந்த பாலியெஸ்டர் பிசினை ஊற்றி, உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுவர். அதன்மேல் நெய்த இழை, மறுபடி பாய், மறுபடி பிசின். எத்தனை அடுக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இறுகியபின் அச்சிலிருந்து பிரித்தால், பளபளக்கும் கூடு. மூன்றடுக்கு இட்டாலும் ஆறடுக்கு இட்டாலும் பளபளப்பு ஒன்றே, ஏனெனில் அது அச்சின் பளபளப்பு. அழுத்தாமல் விட்ட காற்றுக்குமிழ், பிசின் ஊறாத வறண்ட இழை, இயந்திரம் மாட்டும் பின்பலகைக்குள் வைத்த மட்டமான ஒட்டுப்பலகை, எதுவும் வெளியில் தெரியாது.

கட்டை அவிழ்த்துப் பார்க்கலாம். அச்சை அவிழ்க்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரையில் நடந்த மாற்றத்தை வேகம், கொள்ளளவு, ஆழ்கடல் எட்டும் தூரம் என்று கணக்கிடும் ஆய்வுகள் நிறைய. அவை சரியானவையே; ஃபைபர் வந்ததால் மீனவர் நெடுந்தூரம் சென்றனர், உலர்ந்த உடலோடு திரும்பினர், மரம் வெட்டுவதும் குறைந்தது. கட்டுமரத்தைப் பற்றி ஏக்கப்பாட்டுப் பாடும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. நனைந்த மரத்தின்மேல் விடியுமட்டும் முழங்காலிட்டிருந்தவர்கள் எவரும் அவற்றை எழுதவில்லை. ஆனால் ஒன்று கைமாறியது. கலம் நல்லதா என்று தீர்மானிக்கும் அறிவு, கடலுக்குப் போகிறவரின் தோளிலிருந்து அச்சு வைத்திருப்பவரின் மனச்சான்றுக்குப் போயிற்று.

அதற்கு என்ன விலை என்பது 2004 டிசம்பர் 26க்குப் பின் தெரிந்தது. ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தனர். கரையில் கிடந்த மரங்களும் படகுகளும் நொறுங்கின. உதவி குவிந்தது. உதவி செய்வோர்க்குப் படகு போல எண்ணிக் காட்டத்தக்க பொருள் வேறில்லை. வரிசையாக நிறுத்தி, அளிப்பவரின் பெயரைப் பக்கத்தில் எழுதி, ஒளிப்படம் எடுக்கலாம். சில மாதங்களுக்குள் கரையெங்கும் புதிய பட்டறைகள் முளைத்தன. அவசரமும் அளவற்ற தேவையும் சேர்ந்தபோது அடுக்குகள் குறைந்தன. தரமற்ற படகுகளைப் பற்றியும், தேவைக்கு மேல் பெருகிய படகுகளைப் பற்றியும் மீனவர் அமைப்புகளும் ஐ.நா. வல்லுநர்களும் அடுத்த ஆண்டிலேயே எச்சரித்தனர். அன்றுவரை கட்டுமரம் வைத்திருந்த பலரும் ஃபைபருக்கு மாறியது இந்த அலையில்தான். கொடையாக வந்ததால், எந்தக் கரைக்கு எந்த வடிவம் என்ற பழைய கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குப் பெரும்பாலும் அளிக்கப்படவில்லை.

கூடுள்ள கலத்துக்குக் கவிழ்ந்தால் என்னவாகும் என்ற கேள்வி கட்டாயமாகிறது. நிரம்பிய கூடு தானாக மிதக்காது. ஆகவே நல்ல பட்டறைகள் அணியத்திலும் பின்புறத்திலும் மூடிய அறைகளை அமைத்து, நுரைப்பொருளை அடைக்கின்றன. கட்டுமரத்தின் திண்மையை ஃபைபருக்குள் கொஞ்சம் திரும்பக் கொண்டுவருவது போல. துடுப்புப் பந்தயப் படகுகளுக்கும் இவ்விதி உண்டு. படகு முழுக்க நிரம்பி, ஓட்டுவோர் அமர்ந்திருந்தாலும், இருக்கையின் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் தாழக்கூடாது என்கின்றன உலகத் துடுப்புப் போட்டி அமைப்பின் விதிகள். படகை விட்டு நீந்தாமல், அதையே பற்றிக்கொண்டு இருக்கவேண்டும் என்பது அதன் உட்பொருள்.

2022 மே 21 மாலை, பயிற்சிக்கு இறங்கிய மாணவர் படகொன்று கால்பைசாகிப் புயலில் சிக்கி ரவீந்திர சரோவரில் கவிழ்ந்தது. பள்ளி மாணவர் இருவர் இறந்தனர். நான் இவ்வூருக்கு வந்தது அதற்குப் பிறகு. இருந்தும் சித்திரை வைகாசியில் வானம் கருக்கும் மாலைகளில், ஏரிக்கரையில் நடக்கும் முதியவர்கள் நடையை நிறுத்தி, தண்ணீரில் எத்தனை படகு மிச்சமிருக்கிறது என்று எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். மசூலாவின் பக்கத்தில் வந்த கட்டுமரத்தை எனக்கு நினைவூட்டியது அந்த எண்ணுதல்தான்.

சித்தி மகனுக்கு ஒருவழியாகப் பதில் எழுதினேன். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. முதலில் உன் கரையைச் சொல் என்று கேட்டேன்: அலை உடையும் கடலா, ஆறா? நீ தாவப்போகிறாயா, நேராக ஓடப்போகிறாயா? இயந்திரத்தின் தாங்கிகளும் பம்பின் துளைகளும் பழைய அளவிலேயே பொருந்துகின்றனவா என்று அளந்து பார். எத்தனை அடுக்கு, எந்த இழை என்று எழுத்தில் வாங்கு. உள்ளே நுரை அடைத்திருக்கிறதா, அந்த நுரை தண்ணீரை உறிஞ்சுமா என்று கேள். கூட்டைத் தராசில் வை. சொன்ன எடையைவிடக் குறைந்தாலும் கூடினாலும் காரணம் கேள். மேற்பூச்சு அடிக்குமுன் பார்க்க முடிந்தால் விளக்கைப் பின்னால் பிடித்துப் பார், வறண்ட இழை வெளிறித் தெரியும். முடியாவிட்டால் ஒரு நாணயத்தை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தட்டு. திண்ணென்ற ஒலி ஓரிடத்தில் மங்கினால், அங்கே அடுக்குகள் ஒட்டவில்லை. ஹல்லுக்குத் தமிழில் கூடு என்று வைத்துக்கொள்.

நேற்று மறுபடி ஒரு குரற்செய்தி. பின்னணியில் டக், டக், டக் என்ற ஒலி மட்டும் வெகுநேரம் கேட்டது. பிறகு ஓரிடத்தில் அது மாறியது, எனக்கே தெரிந்தது. "கேட்டுச்சா அக்கா? விக்கிறவர் பக்கத்துலதான் நிக்கிறார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. இது வேணாம்னு சொல்லிட்டேன். வர்ற சனிக்கிழமை வேறொரு பட்டறைக்குப் போறேன்."